நாற்பத்து மூன்றாம் தட்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய்? மண் கழுவும் தொட்டியருகே நின்று நின்று வந்த அந்த முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நான், அவர், பாப்பா மூவரும் சுகம்.

உன் டிசம்பர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. பாப்பா பகலில் தூங்கும் முக்கால் மணிதான் எனக்கென்று இருக்கும் நேரம். எதிர்வீட்டு அக்கா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஒரு போன் போட்டா முடிஞ்சுது, எதுக்கு இப்படி பக்கம் பக்கமா?" என்றார். "எங்கண்ணனுக்கு ஆறு வயசுலேயே காது போயிடுச்சுக்கா" என்றேன். "ஐயோ, பாவம்." "பாவம் நாங்கதான். அவன் நம்மள நல்லா திட்டுவான். நாம திருப்பித் திட்ட ஆரம்பிச்சா உதட்டைப் பார்க்காம முகத்தைத் திருப்பிக்குவான். அப்புறம் சுவத்தைத்தான் திட்டணும்." அக்கா சிரித்த சிரிப்பில் பாப்பா எழுந்திருப்பாள் என்று பயந்தேன். எழவில்லை.

நவம்பரில் பாப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்று எழுதியிருந்தேனே, அது சரியாகிவிட்டது. இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். பேச்சுதான் குறைந்திருக்கிறது. ஒன்றரை வயதில் முப்பத்தொரு வார்த்தை சொன்னவள், இப்போது மூன்றோ நான்கோடு நிறுத்திக்கொண்டாள். "ஓட ஆரம்பிச்சா பேச்சு நின்னுடும், எல்லாம் ஒண்ணா செய்ய அதுக்கென்ன பத்து தலையா?" என்கிறார் அக்கா.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். உயிரினங்கள் எப்போதும்போல ஒன்றொன்றாக மறைவதற்கும், கூண்டோடு அழிவதற்கும் என்ன வித்தியாசம்? எதை வைத்து இது வழக்கமானது, இது வழக்கமில்லாதது என்று சொல்வது? மியூசியத்தில் மூன்று வருடம் உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மண்ணிலிருந்து பழங்காலச் சிப்பி பொறுக்கியவளுக்கு மறந்துபோயிற்று என்றால் நம்புவாயா?

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜனவரி 20

என் அருமை மூக்குறிஞ்சிக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் நலம். மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

மறந்துபோயிற்று என்றால் நம்ப மாட்டேன். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

நம் பழைய தெருவை நினைத்துக்கொள். வருடத்துக்கு ஒரு கடை மூடும். ஒரு வருடம் தையல்காரர், அடுத்த வருடம் ரேடியோ ரிப்பேர்காரர். அந்த இடத்தில் சாவி போடுகிறவர் வருவார், செருப்புக் கடை வரும். தெரு தெருவாகவே இருக்கும். இதுதான் எப்போதும் நடக்கிற இழப்பு. உயிர்கள் தோன்றிய நாளிலிருந்து இது நின்றதே இல்லை. போகிற வேகமும் வருகிற வேகமும் ஏறக்குறைய ஒன்று.

ஒரே வாரத்தில் தெருவின் முக்கால்வாசிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கினால்? டீக்கடை, மருந்துக்கடை, துணிக்கடை என்று பேதமில்லாமல், பக்கத்துத் தெருவிலும் பக்கத்து ஊரிலும் அப்படியே என்றால்? அப்போது தையல்காரருக்குக் கை சரியில்லை என்று சொல்லிப் பயனில்லை. வெளியிலிருந்து ஏதோ வந்து எல்லோரையும் ஒரே அடியாக அடித்திருக்கிறது. நன்றாக வியாபாரம் செய்தவனும் போயிருப்பான். காலியான இடத்துக்கு வர ஆளே இருக்காது. அந்த வெற்றிடம்தான் அடையாளம், தங்கச்சி. போனதை மட்டும் எண்ணாதே, வந்ததையும் எண்ணு.

நம் தட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஒரே துளையிலிருந்து எடுத்த மண், அரையடிக்கு ஒரு தட்டு, அடியிலிருந்து மேலாக, பழையதிலிருந்து புதியதாக, அறுபது. உன் ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. அதன் மேல் இப்போது கெட்டில் இருக்கிறது.

மருமகளின் முப்பத்தொரு வார்த்தைகள் எவை? எழுது. 'மாமா' இருந்ததா, இல்லை அதற்குள் எனக்கும் ஷட்டரா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மறுபடியும் தாமதம். பட்டியலை நோட்டிலிருந்து எடுத்து எழுத நேரமாகிவிட்டது. நம் வேலையின் பழக்கம் விடவில்லை, பார். பாப்பா பேச ஆரம்பித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து, காதில் விழுந்த வார்த்தைகளை நோட்டில் எழுதுவேன். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்பூன் மண் என்று எடுத்தோமே, அதுபோல வாரத்துக்கு ஒரு மணி. ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே அது கடைசியாக வந்த தேதியைப் போட்டிருக்கிறேன். முழுப் பட்டியல் தனித்தாளில் இருக்கிறது.

'குடை' செப்டம்பர் 10. 'சாவி' செப்டம்பர் 24. 'நிலா' அக்டோபர் 8. 'பூனை' அக்டோபர் 22. 'செருப்பு', 'மாமா' இரண்டும் நவம்பர் 5. ஆமாம், நீ இருந்தாய். உன் போட்டோவைக் காட்டி "மாம்மா" என்று நெற்றியில் அடிப்பாள். 'அம்மா', 'பால்', 'தா' மூன்றும் டிசம்பர் வரைக்கும் தெளிவாக இருந்தன, இப்போதும் எப்போதாவது வருகின்றன.

ஆக, காய்ச்சலுக்கு இரண்டு மாதம் முன்பே குறைய ஆரம்பித்திருக்கிறது. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். "மெதுவா குறைஞ்சுதா, திடீர்னு நின்னுதாம்மா?" என்று கேட்டார். நோட்டைக் காட்டி, மெதுவாகத்தான் என்றேன். "அப்ப ஆறு மாசம் பார்ப்போம். சில குழந்தைங்க அப்படித்தான்" என்றார்.

நீ சொன்ன வழக்கமான இழப்புதானே இது, அண்ணா? வருடத்துக்கு ஒரு கடை?

கெட்டிலை என் ஸ்டூலிலிருந்து எடு. சூட்டில் வார்னிஷ் உரியும்.

உன் தங்கை


பிப்ரவரி 16

தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வாரம் வேறு நினைப்பு இல்லை.

பட்டியலை மேஜையில் வைத்து, தேதிவாரியாகக் கட்டம் போட்டேன். அழகான படிக்கட்டு வந்தது. செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகிறது. இந்தப் படிக்கட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீயும்தான்.

மியூசியத்தில் நம் மேலதிகாரி சல்லடை சார் அறிக்கை எழுதிய வருடம். முப்பத்தாறாம் தட்டிலிருந்து நாற்பத்திரண்டாம் தட்டு வரை சிப்பி வகைகள் மெல்ல மெல்லக் குறைந்து மறைந்தன என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். நீ அப்போது தினக்கூலி. எழுந்து நின்று நீ சொன்னதை உன் உதட்டிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். "சார், நாம பார்த்தது தட்டுக்கு ஒரு ஸ்பூன். அபூர்வமா இருக்கிற சிப்பி அந்த ஸ்பூன்ல வரலைன்னா, அது அங்க இல்லவே இல்லைன்னு ஆயிடுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மூட்டை மூட்டையா பொறுக்கப் போறீங்களா?" "பொறுக்கறோம் சார்." நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டாய், என் முழங்கால் அன்றைக்குப் போனது!

நான்கு மாதம் பொறுக்கினோம். முப்பத்தாறில் முடிந்துபோனதாக எழுதிய சிப்பி நாற்பதில் கிடைத்தது. முப்பத்தெட்டோடு போனது நாற்பத்தொன்றில் கிடைத்தது. நாற்பத்திரண்டில் அந்த விரல்கனச் சாம்பல் களிமண் இருக்கிறதே, அதன் அடி ஓரம் வரை எல்லாம் உயிரோடு இருந்திருக்கின்றன. படிக்கட்டே கிடையாது. சுவர்தான். நம் கண்ணில் கடைசியாகப் பட்ட இடம் அதன் கடைசி இடம் அல்ல. அதைக் கண்டுபிடித்தவளே நீ.

ஒரு குழந்தை 'குடை' என்று எத்தனை தடவை சொல்லும்? மழை பெய்தால்தானே? ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் பூனை சுவரில் வராவிட்டால் 'பூனை' எப்படி வரும்? அபூர்வமாகச் சொல்கிற வார்த்தைகள்தான் உன் நோட்டில் முதலில் போயிருக்கின்றன. நாளெல்லாம் சொல்கிற மூன்று கடைசிவரை நிற்கின்றன. நவம்பர் 5க்கு அப்புறம் புதிதாக ஒரு வார்த்தை, ஒன்றே ஒன்று, வந்ததா?

இரண்டு கேள்விக்குப் பதில் எழுது. கொஞ்சம் காய்ச்சல் என்றால் எத்தனை நாள்? பின்னால் நின்று கூப்பிட்டால் பாப்பா திரும்புகிறாளா?

அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் ஏறிவிட்டது. ஜன்னலுக்கு நீலத்தில் திரை தைத்துப் போட்டேன், ஒரு பக்கம் இரண்டு விரல் குட்டை. அவர் பார்த்துவிட்டு, "திரை சரிதான், ஜன்னல்தான் கோணல்" என்றார். பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் இரண்டு முளைத்திருக்கின்றன. எதிர்வீட்டு அக்கா வீட்டை வெள்ளையடிக்கிறார், எங்கள் கொடியிலும் சுண்ணாம்பு.

நேற்று அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றபோது அம்மா ஞாபகம் வந்தது. அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள், நீ சமையலறை வாசலில் படித்துக்கொண்டிருப்பாய். உன்னைக் கூப்பிடக் காலால் பலகைத் தரையில் ஒரு மிதி. நீ நிமிர்ந்ததும் ஐந்து விரலையும் குவித்து மெல்ல மேலே தூக்கிப் பட்டென்று விரிப்பாள். பால் பொங்குது! நீ புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவாய். அப்பாவுக்குச் சைகை மீசை முறுக்கு. சும்மா சொன்னேன் என்பதற்குக் காது மடலை இழுப்பது. எனக்கு மூக்கைப் பிடிப்பது. எத்தனை வருடம் சளியே இல்லாமல் இருந்தாலும் அந்தப் பெயரை நீங்கள் மாற்றவே இல்லை.

தூரிகையின் நுனியை ஈரப்படுத்திச் சிப்பியைத் தொட்டால் அது ஒட்டிக்கொண்டு மேலே வருமே, அந்த வேலைதான் என் கைக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

கட்டுரை பாதியில் நிற்கிறது. பாப்பா எழுந்துவிட்டாள்.

உன் தங்கை


மார்ச் 18

தங்கச்சி,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். திரை, பல், சுண்ணாம்பு எல்லாம் இருக்கின்றன. நான் கேட்ட இரண்டும் இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்த கதையை நீ கேட்டுத்தான் தெரிந்துகொண்டாய். நான் அதற்குள் இருந்தவன். பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் அம்மா வாயை மட்டும் அசைக்கிறாள், விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

கட்டுரை எனக்கு வேண்டாம். பதில் வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

உன் உடம்பைப் பற்றி இன்று கேட்கப்போவதில்லை, மன்னித்துக்கொள்.

ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்தது பெரிது என்று அனுப்பினார்கள். உனக்குக் 'கொஞ்சம் காய்ச்சல்' என்று எழுதினேன். இங்கே இந்த டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை.

திரும்புவதில்லை. ஜனவரியிலேயே தெரியும். அக்கா அன்றைக்கு வாசலில் அப்படிச் சிரித்தும் பாப்பா எழவில்லை என்று எழுதினேனே, அந்த வரியை எழுதும்போது கை நின்றது. அப்புறம் ஒரு நாள் அவள் எனக்கு முதுகைக் காட்டி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பத்து தடவை. கடைசித் தடவை கத்தினேன். பிறகு, என்னை அறியாமல், நம் வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி காலால் தரையில் மிதித்தேன். நாங்கள் இருக்கும் இந்த மாடி வீட்டிலும் பலகைத் தரைதான். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடமும் கிடையாது, ஆண்டு மலரும் கிடையாது. மெதுவாகக் குறைந்தது என்றால் காய்ச்சல் காரணமில்லை. காய்ச்சல் காரணமில்லை என்றால் காது இல்லை. அந்த நோட்டை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பூன் போதாது என்று ஊருக்குச் சொன்னவள்தான், எனக்குத் தெரியாதா? படிக்கட்டு எனக்கு வேண்டியிருந்தது.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். 'அண்ணன் மாதிரி ஆயிடுவாளோ'ன்னு பயமா இருக்கு என்று ராத்திரி பகல் இவரிடம் அழுகிறேன். அந்த வாக்கியத்தை அண்ணனுக்கே எப்படி எழுதுவது?

வருகிற பத்தாம் தேதி காது பரிசோதனை. இவர் லீவு போட்டிருக்கிறார்.

தங்கை


ஏப்ரல் 6

மூக்குறிஞ்சிக்கு,

கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் தொட்டியில் மண் கழுவிக்கொண்டிருந்தபோது தண்ணீரோடு போய்விட்டது. ஆகவே இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, தேடாதே.

அண்ணன் மாதிரி ஆனால் என்ன ஆகும்? முப்பத்தெட்டு வயதில் முழங்கால் வலி வரும். சல்லடை சார் கத்துவது கேட்காது, அது எத்தனை பெரிய பாக்கியம் என்று காது கேட்கிறவர்களைக் கேள். இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே தவிர, உன் பயம் எனக்குப் புரிகிறது. அம்மாவின் முகத்தில் அதே பயத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவள் என்னைப் பார்க்காதபோது நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் போனது போகட்டும். பரிசோதனையில் அவள் கண்ணில் படாமல் பின்னால் உட்கார். உன் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள், நாங்கள் அப்படிப்பட்டவர்கள். ஒன்பது நாள் என்று அங்கே போனதும் முதலில் சொல். ஒன்பது. கொஞ்சம் அல்ல.

மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல். நீயும்.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

வலது காதில் ஒன்றும் இல்லை. இடதில் கொஞ்சம். இந்தக் 'கொஞ்சம்' நிஜமாகவே கொஞ்சம்தான், நான் குறைத்து எழுதவில்லை. லாரி ஹாரன் மாதிரி சத்தம் மட்டும் போகுமாம். இடது காதுக்கு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அதைக் காணோம் என்று வீட்டையே கவிழ்த்தோம். தன் அப்பாவின் ஷூவுக்குள் போட்டு வைத்திருந்தாள். அவர் காலை விட்டதும் ஷூ 'கீ' என்று கத்தியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூவரும் சிரித்தோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் நல்லவர். ஆனால் கண்டிப்பு. "கையால எதுவும் காட்டாதீங்கம்மா. கை பேசினா வாய் பேசாது" என்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுகிறேன். 'பால்' நின்றுவிட்டது. 'தா' நின்றுவிட்டது. 'அம்மா' மட்டும் இருக்கிறது, அதுவும் அழும்போது.

நீ சொன்ன சுவர் இதுதான். எனக்கு ஒன்று சொல். நாற்பத்திரண்டாம் தட்டுவரைதான் நான் பொறுக்கினேன். அதற்குள் கல்யாணம், வந்துவிட்டேன். நாற்பத்து மூன்றில் என்ன இருந்தது?

உன் தங்கை


மே 17

என் தங்கச்சிக்கு,

இங்கே நான் நலம். பாப்பாவின் ஷூ வித்தையை இரண்டு நாளாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். சல்லடை சார் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

நாற்பத்து மூன்றில் மிகக் கொஞ்சம்தான். பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் முழுக்கப் பொறுக்கி ஏழு சிப்பி. எல்லாம் குட்டி, அலங்காரமே இல்லாதவை. போனவை போனவைதான், அவற்றில் பெரும்பாலானவை அறுபதாம் தட்டுவரை திரும்பவே இல்லை. அந்த இடத்தை வேறு புதியவை மெல்ல நிரப்பின, அதற்கு நீண்ட காலம் ஆயிற்று. ஆனால் ஒன்று உண்டு. சில வகைகள் ஏழெட்டுத் தட்டுக்குக் கண்ணிலேயே படாது. செத்துவிட்டது என்று எழுதி மூடிவிடுவோம். ஐம்பதாம் தட்டில் மறுபடி வரும், அதே வளைவு, அதே வரி. அவை எங்கேயோ ஒரு மூலையில், நம் ஸ்பூனுக்கு அகப்படாத அளவுக்குக் கொஞ்சமாகப் பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

உன்னிடம் சொல்லாத ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சைகைகள் எத்தனை என்று ஒரு தடவை எண்ணினேன். நாற்பத்தெட்டு. அப்பா போனபோது அவர் மட்டுமே காட்டிய மூன்று போயின. அம்மாவோடு ஆறோ ஏழோ. அதெல்லாம் தெருவில் கடை மூடுகிற கணக்கு. நீயும் நானும் அதற்குள் புதிதாக நாலைந்து செய்துகொண்டோம், சல்லடை சாருக்கே இரண்டு இருந்தன. ஆனால் நீ இரண்டு பெட்டியோடு வண்டியில் ஏறிய அன்று மீதி எல்லாம் ஒரே நாளில் நின்றது. மீசை, மூக்கு, காது மடல், பால், எல்லாம். சைகைக்கு இரண்டு பேர் வேண்டுமே. சமையலறையில் நின்று பால் பொங்குது என்று யாருக்குக் காட்டுவேன்? நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை. நீ மட்டும்தான் மறைப்பாயா?

எனக்கு ஏழு வயதில் அம்மாவிடமும் ஒரு டாக்டர் இதையேதான் சொன்னார், கை பேசினால் வாய் பேசாது என்று. அம்மா ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினாள். தெருமுனை திரும்பியதும் என்னைப் பார்த்தாள். காது மடலைப் பிடித்து இழுத்தாள். சும்மா!

நான் இன்று வாயாலும் பேசுகிறேன், கையாலும் பேசுவேன், பேச ஆள் இருந்தால். டீச்சர் சொல்கிற பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய். மெஷினைப் போடு. ஆனால் பின்னால் கட்டிய கையை அவிழ்த்துவிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். நீ சுகமா? இங்கே சுகம். இந்தத் தடவை நிஜமாகவே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நான் வண்டியில் ஏறியபோது நீ வாசலில் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாய். அண்ணனுக்கு அழுத்தம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே கையை அவிழ்த்தேன். டீச்சரிடம் சொன்னேன், உதட்டைச் சுழித்தார், அப்புறம் விட்டுவிட்டார். தினமும் காட்டினேன். அவர் வந்தால் மீசை முறுக்கு. அவருக்கு மீசை இல்லை, எனக்காக வளர்க்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அடுப்பில் பால் ஏறும்போதெல்லாம் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு விரலைக் குவித்து விரித்துக் காட்டினேன். ஜூன் முழுக்க வேடிக்கை பார்த்தாள். ஜூலை முழுக்க என் கையைப் பிடித்துக் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை நோட்டில் வாரா வாரம் 'இல்லை' என்று எழுதினேன். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. உனக்கு 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை.

இன்று ஞாயிறு இல்லை, செவ்வாய். இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேஜையில் உட்கார்ந்து, மேலே தேதியை மட்டும் எழுதியிருந்தேன். காலடியில் தரை அதிர்ந்தது. ஒரு மிதி. நான் ஏதோ பெட்டி விழுந்தது என்று நினைத்தேன். மறுபடி ஒரு மிதி, கோபமாக.

திரும்பினேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஐந்து விரலையும் குவித்தாள். கட்டைவிரல் மட்டும் அடங்காமல் தனியாக நின்றது. தலைக்குமேல் தூக்கிப் பட்டென்று விரித்தாள்.

நான் ஓடவில்லை, அண்ணா. நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பால் முழுவதும் வழிந்து அடுப்பு அணைந்து தரைவரை ஓடிவிட்டது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அம்மா உன்னைப் பார்ப்பாளே, 'சொன்னேனா இல்லையா' என்று, அதே பார்வை.

இந்தத் தாளின் பின்பக்கம் அவள் கையை வைத்து விரலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். அந்தக் கறை பால்தான்.

உன் தங்கை


ஆகஸ்ட் 24

மூக்குறிஞ்சிக்கு,

நான் நலம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ரொம்ப நலம்.

நீ வரைந்து அனுப்பிய கையைத் தட்டுக்குள் வைத்து, நம் வழக்கப்படி சீட்டு எழுதிவிட்டேன். சல்லடை சார் எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். உனக்கும் ஒரு நகல்:

தட்டு எண்: 43
வகை: பால் பொங்குது
கடைசியாகத் தென்பட்டது: நீ வண்டி ஏறிய நாள், காலை
மீண்டும் தென்பட்டது: ஆகஸ்ட் 20
எண்ணிக்கை: ஒன்று
கண்டெடுத்தவர்: தினக்கூலி

எனக்கு ஒரு மாதம் லீவு பாக்கி இருக்கிறது, சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஞாயிறு மதிய வண்டியில் வந்து இறங்குவேன். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பாப்பாவிடம் என் போட்டோவைக் காட்டி நெற்றியைத் தொட்டுக் காட்டு, 'மாமா' அதுதான். வீடு தெரியும். கதவைத் தட்டமாட்டேன், வாசலில் வந்து மிதிப்பேன்.

அவள் வந்து திறக்கட்டும்.

அண்ணன்